பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியவர்

என் கணவர் குட்டையாகிக்கொண்டு வருகிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை. அவரோடு சேர்ந்து பெருமாளைச் சுமக்கிறவர்கள்தான்.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைப் பெருமாள் கோயிலில் அவர் ஸ்ரீபாதம் தாங்கி. உற்சவத்தில் பெருமாள் பல்லக்கிலோ வாகனத்திலோ புறப்படும்போது தண்டுக்குத் தோள் கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பெயர். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே லீவு போட்டுவிட்டுப் போவார். ரிட்டயர் ஆனபின் கேட்கவே வேண்டாம். அதைச் 'சுமப்பது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 'ஏளப்பண்றது' என்று சொல்ல வேண்டும். தண்டின் கீழ் நிற்கிறவர்களை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஒருவர் தோள் தாழ்ந்தால் பாரம் பக்கத்தில் இருப்பவர் மேல் இறங்கும். அதனால் தாழ்ந்த தோளில் துண்டை மடித்து வைத்துச் சரிக்கட்டுவார்கள். இவருடைய துண்டின் மடிப்பு வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே வந்தது. போன உற்சவத்தில் கோஷ்டித் தலைவர் என்னிடமே கேட்டுவிட்டார்.

"மாமி, இவர் என்ன வருஷா வருஷம் தேஞ்சுண்டே வரார்?"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு வீசிங் உண்டு. அதற்காக ஸ்டீராய்டு மாத்திரையை வருஷக்கணக்காக விட்டு விட்டுச் சாப்பிட்டு வருகிறார். அது எலும்பைத் தின்றுவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அன்றிலிருந்து நச்சரிக்க ஆரம்பித்தேன். நச்சரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் பிறந்த வீட்டிலேயே சொல்வார்கள்.

கடைசியில் இந்த வருஷம் உற்சவத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு அடையாறில் எங்கள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நாற்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பொறுமைசாலி. சுவரோடு நிற்கவைத்து இவர் உயரத்தை அளந்தாள். பழைய உயரம் என்ன என்று கேட்டாள். இவர் சொன்னதற்கும் அளவுகோல் சொன்னதற்கும் நல்ல வித்தியாசம்.

"சார், எலும்பு ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம்."

"உற்சவம் முடியட்டும், டாக்டர்."

"உற்சவத்துல என்ன பண்ணுவீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். பெருமாள் கருடன்மேல் புறப்படும் கருட சேவை, அந்த வாகனத்தின் கனம், தண்டு, தோள் எல்லாவற்றையும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். முதுகெலும்பு வலுவிழந்திருந்தால் அவ்வளவு பாரத்தில் அப்படியே நொறுங்கி அமுங்கிவிடும் என்றாள். இவர் பிடிகொடுக்கவில்லை. ஸ்கேன் என்றால் அதில் ஏதாவது கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தால் கருட சேவைக்குத் தடை போடுவார்கள். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

"சரி, யூரினாவது குடுங்க," என்றாள் டாக்டர். "எலும்பு தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதுசா கட்டும். கரையறது அதிகமாச்சுன்னா அந்தத் துணுக்கெல்லாம் யூரின்ல வந்துடும். அதை அளந்தா எவ்வளவு வேகமா கரையுதுன்னு தெரியும். இருக்கறது எவ்வளவுன்னு ஸ்கேன்தான் சொல்லணும். ஆனா இதுல அதிகமா வந்தா மறுபேச்சு பேசாம ஸ்கேனுக்கு வரணும். அதுவரைக்கும் தூக்கறது கூடாது. ஒத்துக்கறீங்களா?"

ஒத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது டாக்டர் என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்களும் ஒண்ணு குடுத்துடுங்க. உங்க வயசுல பொம்பளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி."

"எனக்கென்ன! ரெண்டு மாடி ஏறி இறங்கிண்டிருக்கேன். நான் இரும்பு," என்றேன். ஆனாலும் இவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று சரி சொன்னேன்.

தி.நகரில் இருக்கிற லேபில் இரண்டு பாட்டில்களும், எங்கள் பெயர் அச்சடித்த இரண்டு சீட்டுகளும் கொடுத்தார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றோடு இருந்து இரண்டாவது முறை போவதைப் பிடிக்க வேண்டும். பிறகு சீட்டை ஒட்டிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் வீட்டில் இருந்தது.

எங்கள் வீட்டில் மடி. நான் விடியற்காலையில் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவேன். பெருமாளுக்குச் சமைத்துப் படைக்கிற தளிகை ஆகிற வரைக்கும் கண்டதைத் தொடமாட்டேன். அப்படி இருக்கும்போது இந்த பாட்டிலோடு நான் என்ன உறவு வைத்துக்கொள்ள முடியும்? என்னுடையதைப் பிடித்துக் குளியலறை ஜன்னல் மேடையில் இடது பக்கம் வைத்தேன். அவருடையது வலது பக்கம். பிறகு குளித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

"நீங்களே சீட்டை ஒட்டி, நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்கோ. அந்தப் பை சமையலுள் பக்கம் வரப்படாது!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

அவர் ஒட்டினார். மாற்றி ஒட்டினார். கைதவறி அல்ல, வேண்டுமென்றே. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் ஒன்றும் தெரியாமல் பார்த்த முட்டாள் நான் ஒருத்தி போதும். அவர் யோசனை எளிமையானது. இவள் இரும்பு. இவளுடையது நன்றாகத்தான் வரும். அதை என் பெயரில் கொடுத்துவிட்டால் கருட சேவைக்குக் குறுக்கே யாரும் வரமாட்டார்கள். என்னுடையது இவள் பெயரில் மோசமாக வந்தால்? வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இரும்புக்கு இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும்.

ரிசல்ட் வந்தவுடன் டாக்டர் கூப்பிட்டாள். அடையாறுக்குப் போனோம்.

"மாமி, உங்களுக்கு நார்மல். சார், உங்களுக்குத்தான் ரொம்ப ஏறியிருக்கு. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எலும்பு வேகமா கரைஞ்சிட்டிருக்கு. ஸ்கேன் எடுக்கற வரைக்கும் கனமா எதையும் தூக்கக்கூடாது. குனிஞ்சு தூக்கவே கூடாது. ஸ்டூல் மேல ஏறக்கூடாது. வழுக்கி விழாம பாத்துக்கணும்."

அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. தடை வந்துவிட்டதே என்று துக்கப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு வெற்றிக் களிப்பு வேறு. ஆட்டோவில் வரும்போது சொன்னேனா சொன்னேனா என்று அடையாறு பாலத்திலிருந்து மந்தைவெளி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் திரும்பித் திரும்பி என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே கோஷ்டித் தலைவரைப் பார்த்து, இந்த வருஷம் இவர் வரமாட்டார், டாக்டர் உத்தரவு என்று சொல்லிவிட்டேன். இவர் வந்து சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து வேறொரு கூத்து. கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர், எதைக் கண்டாலும் தூக்க ஆரம்பித்தார். நான் வாளியைத் தொட்டால் பிடுங்கினார். அரிசி மூட்டையை நான் நகர்த்தினால் ஓடிவந்து தான் நகர்த்தினார். தண்ணீர் கேனைக் கீழிருந்து தானே தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். வாட்ச்மேன் மேலே வந்து என்னிடம் வத்தி வைத்தான்.

"இன்னா மாமி, சார் கேனைத் தூக்கிக்கினு போறாரு? டாக்டரு வேணான்னு சொல்லிக்கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் குடுன்னா குடுக்க மாட்றாரு."

நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குக் காது கேக்கலையா? எலும்பு ஒடிஞ்சு படுத்தா யாரு பாக்கறது? வீம்பு! பெருமாள் இல்லேன்னா தண்ணி கேனா?"

"நீ மாடி ஏறி இறங்காதே," என்றார். "கீழ என்ன வேணுமோ எங்கிட்ட சொல்லு."

"நன்னாருக்கே! நோயாளி நீங்களா நானா?"

அவர் கேனை இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ அப்போதுதான் தோன்றிய மாதிரி, "நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கோயேன். ரெண்டு பேருமா போயிட்டு வந்துடலாம்," என்றார். எனக்கு நார்மல் என்று டாக்டரே சொல்லிவிட்டாள், வெட்டிச் செலவு எதற்கு என்று சிரித்தேன். அந்த வாரத்தில் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். தன்னுடைய ஸ்கேனை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஸ்டூலைக் காணோம் என்று தேடினால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. இரவில் நான் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயத்தில் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

நடுவில் வடாம் போட்டேன். பங்குனி வெயிலை வீணாக்கலாமா? கூழைக் கிளறி, பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் ஏறினேன். பாதிப் படியில் கீழேயிருந்து சத்தம் கேட்டது.

"நில்லு! நில்லு, நான் வரேன்!"

இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தார். நான் விடவில்லை. அவர் எலும்பு நொறுங்கிவிடுமே என்று நான் இழுக்கிறேன். என் எலும்பு நொறுங்கிவிடுமே என்று அவர் இழுக்கிறார். கூழ் இரண்டு பேர் மேலும் சிந்தியது. "விடுங்கோன்னா!" என்று கத்திவிட்டு, வெடுக்கென்று திரும்பிப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

அப்போது முதுகின் நடுவில் சுரீர் என்றது. மூச்சு ஒரு கணம் நின்றது. பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னாலேயே வந்து, என்ன, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, சூடு பட்டுவிட்டது என்றேன். வலி என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. குனிந்து உட்கார்ந்து வடாமைப் பிழிந்து முடித்தேன். அன்றிலிருந்து தைலம் தடவிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, நிமிர்ந்தே நடந்தேன்.

உற்சவம் தொடங்கியது. கோயிலுக்குத் திருக்கண்ணமுது, அதாவது பாயசம், எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் போகும். அதற்கு வெண்கல உருளி பரண்மேல் இருந்தது. மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கையை உயர்த்தியபோது முதுகு மறுபடியும் பிடித்தது. கண் இருட்டியது. உருளியின் விளிம்பு கைக்கு வந்துவிட்டது. விடவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

அவர் வந்தது தெரியவில்லை. ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்து நின்றார்.

"இறங்கு."

"நகருங்கோ, உங்க மேல விழுந்துடப்போறது."

"இறங்குடி!"

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் 'டி' போட்டுப் பேசியதில்லை. உருளியை விட்டுவிட்டேன். அது பரணிலேயே நின்றது.

"அது உன்னோடது," என்றார்.

"எது?"

"அந்த ரிசல்ட். ரொம்ப ஏறியிருக்குன்னாளே, அது உன்னோடது. சீட்டை நான் மாத்தி ஒட்டிட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, ஜன்னல் மேடை, இடது, வலது, கருட சேவை என்று எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அவர் ஏமாற்றியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தெரிந்த பிறகு, டாக்டர் எதிரிலேயே சொல்லியிருக்கலாமே! ஆட்டோவில் சொல்லியிருக்கலாமே!

"பெருமாளைத் தொடற கையா அது?" என்று கேட்டேன்.

அவர் தலைகுனிந்தார். "சொல்லணும் சொல்லணும்னுதான் தினம் எழுந்துண்டேன். நீ பாக்கப்போற பார்வையை நினைச்சா நாக்கு எழும்பலை. எல்லா வேலையும் நானே பண்ணிட்டு, எப்படியாவது உன்னை ஸ்கேனுக்கு அழைச்சுண்டு போயிட்டா, சொல்லாமலே முடிஞ்சுடும்னு பாத்தேன்."

நான் பார்த்த பார்வை அவர் நினைத்திருந்ததைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். அன்று ராத்திரித் தளிகை ஆகவில்லை. நான் அழுதேன். கோபத்திலா பயத்திலா என்று கேட்டால், பயம்தான் அதிகம். இரும்பு இரும்பு என்று சொல்லிக்கொண்டு இத்தனை நாள் எதன்மேல் நின்றுகொண்டிருந்தேன் என்று பயம்.

டாக்டரிடம் அவரே போன் செய்து சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறாரா என்று கேட்டேன். அவள் திட்டவில்லை. இரண்டு பேரும் உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் பாட்டில் கொடுத்தோம். இந்தத் தடவை மடியாவது ஒன்றாவது என்று என் சீட்டை நானே ஒட்டினேன். இரண்டு பேருக்கும் ஸ்கேன். எனக்கு முதுகில் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

கருட சேவைக்கு முதல் நாள் டாக்டர் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு பேசினாள். இவருடைய சிறுநீரில் கரைவு சாதாரண அளவில்தான் இருந்தது. தன் பெயரைத் தன் பாட்டிலிலேயே ஒட்டியிருந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு தடையும் வந்திருக்காது. ஆனால் ஸ்கேனில் எலும்பு மெலிந்திருந்தது. கரைய வேண்டியது முன்பே கரைந்துவிட்டது என்றாள். தண்டுக்குத் தோள் கொடுப்பது இனிமேல் கூடாது. அவர் தலையாட்டினார். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. அவர் கண் என் எக்ஸ்ரேமேல் இருந்தது.

எனக்கு ஆஸ்டியோபோரோசிஸ். சந்தேகமே இல்லை. முதுகின் நடுவில் ஒரு எலும்பு அமுங்கியிருந்தது. மற்றவை சதுரமாக இருக்க, அது மட்டும் ஒரு பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது.

"இது எப்ப ஆச்சு, டாக்டர்?" என்றார் அவர்.

"எக்ஸ்ரேல சொல்ல முடியாது, சார்."

"இந்த ரெண்டு மூணு வாரத்துலயா? அதுக்கு முன்னாலயா?"

"முன்னாலயும் இருக்கலாம். எலும்பு உடைஞ்சிருந்தாலே யூரின்ல அந்த அளவு ஏறும். அதனால முதல் டெஸ்ட் குடுக்கறப்பவே உடைஞ்சிருந்திருக்கலாம். நிறைய பேருக்கு வலியே தெரியாது." அவள் என்னைப் பார்த்தாள். "மாமி, உங்களுக்கு வலி எப்ப ஆரம்பிச்சுது?"

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடிப் படி, பாத்திரத்தின் காது, சுரீர் என்ற அந்த நிமிஷம் எல்லாம் என் முதுகிலேயே இருந்தன.

"ஞாபகம் இல்லை," என்றேன்.

"எம்.ஆர்.ஐ. எடுத்தா புதுசா பழசான்னு ஓரளவு தெரியும்," என்றாள் டாக்டர். "ஆனா எதுவா இருந்தாலும் குடுக்கப்போற மருந்து ஒண்ணுதான்."

"எடுத்துடலாம்," என்றார் அவர் உடனே. "இன்னிக்கே எடுத்துடலாம்."

"வேண்டாம்," என்றேன்.

டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் மருந்தை எழுத ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி, கால்சியம், வைட்டமின் டி, குனியாமல் இருக்கிற முறை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து அடையாறு வெயிலில் ஆட்டோவுக்காக நின்றோம். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வேண்டாம்னே? எனக்குத் தெரியணும். என்னாலதான் ஆச்சான்னு தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சுடுத்துன்னா, அப்புறம் உங்களோட நான் எப்படிக் குடித்தனம் பண்றது?" என்றேன்.

அவர் கை என் முழங்கையில் இறுகியது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் அவர் ஏறி, உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். நான் மெதுவாக ஏறினேன். மயிலாப்பூர் என்று சொன்னேன்.